பலி கேட்டது யார்?

"ஏரி இந்த ஆண்டுக் கணக்கைத் தீர்த்துக்கொண்டது!"

கரையில் நின்றிருந்த ஒருவர் சொன்ன சொல் இது. சொன்னவர் கொடியவர் அல்லர்; நெஞ்சில் ஈரமற்றவரும் அல்லர். கண்ணீரைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். சுற்றியிருந்தோர் ஆமென்று தலையசைத்தனர். அவர்கள் நடுவே, கோரைப்பாயின்மீது, எட்டாம் வகுப்பில் படித்துவந்த சிறுவனின் உடல் கிடந்தது. என் மாணவன். அரையாண்டுத் தேர்வில் அவன் எழுதிய தமிழ் விடைத்தாள் திருத்தப்படாமல் என் கைப்பையில் இருந்தது.

ஆண்டுக்கு ஓர் உயிரை ஏரி கேட்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் பக்கம் மட்டுமா? தமிழ்நாட்டில் ஆறு, குளம், மடு, அருவி எதுவாயினும் அதன் கரையில் இப்படியொரு கதை உட்கார்ந்திருக்கும். அன்று மாலையே ஊர் கூடிற்று. அடுத்த செவ்வாய்க்கிழமை ஏரிக்கரை அம்மனுக்கு ஆடு வெட்டினர். பொங்கலிட்டனர். கலைந்து சென்றனர். ஏரியில் எந்த இடத்தில், எத்தனை அடி ஆழத்தில் அவன் மாண்டான் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்? "பலி" என்ற ஒரு சொல் எல்லாக் கேள்விகளுக்கும் விடை கூறிவிட்டதே!

தோழர்களே! ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே, சூளகிரி வட்டாரத்துச் சிற்றூர் எங்களுடையது. பெயர் வேண்டாம், பெற்ற வயிறு ஒன்று அங்கே இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ஒருபுறம் கேழ்வரகுக் கொல்லை, மறுபுறம் தொழிற்கூடங்களின் தகரக் கூரை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தேநீர்க் கடையில் ஒலிக்கும் எல்லைப்புறம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததற்குப் பின், சரக்குந்து, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் என்று எத்தனையோ பொருள்களை ஓசூர் வட்டாரம் உலகுக்கு அனுப்புகிறது. மயிரிழை பிசகாமல் பற்சக்கரம் கடையும் கைகள் எங்கள் வீடுகளில் உண்டு. ஆனால் நொடியை அளக்கும் கடிகாரத்தைச் செய்யும் மண், தன் காலடியிலுள்ள ஏரியின் ஆழத்தை அளந்து பார்த்ததில்லை!

அளக்கவேண்டும் என்ற எண்ணம் எனக்கு உடனே தோன்றிவிடவில்லை. ஒரு மாதம் அழுதேன். மறு மாதம் சினந்தேன். அதன்பின்தான் சிந்தித்தேன். எனக்கு வயது இருபத்தாறு. கலைக்கல்லூரியில் வரலாறு படித்தவள். எனக்கும் நீந்தத் தெரியாது. எங்கள் கொல்லையில் கிணறு இல்லாமலா? இருந்தது. என் அண்ணனுக்கு முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, அதே கிணற்றில் இறக்கி, ஏழு வயதில் நீச்சல் பழக்கினார் என் தந்தை. படிக்கட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த எனக்குக் கிடைத்தது, "பொட்டைப்பிள்ளைக்கு எதற்கு?" என்ற ஒரு கேள்விதான். மாண்ட சிறுவன் ஆண்பிள்ளை. ஆனால் ஊருக்கு அப்பாலிருக்கும் காலனியில் பிறந்தவன். கொல்லைக் கிணறுகள் அவனுக்குத் திறந்திருக்கவில்லை. அவன் இறங்கினால் நீர் கெட்டுவிடுமாம்! 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி ஒரு கை நீரள்ளிக் குடித்தார். குடிப்பதற்கு அன்று அத்தனை பெரிய போராட்டம் வேண்டியிருந்தது. நீந்துவதற்கு? கிணறு மறுக்கப்பட்ட பிள்ளைக்கு நீச்சலும் மறுக்கப்படுகிறது. நீச்சல் மறுக்கப்பட்ட பிள்ளைக்கு ஒருநாள் உயிரே மறுக்கப்படுகிறது. இந்தக் கணக்கை எழுதியது ஏரியா?

இரண்டாவது கேள்வி, அந்த இடம். உடன் சென்ற சிறுவர்களைத் தனியே அழைத்துக் கேட்டேன். "முழங்கால் தண்ணிதான் டீச்சர், நடந்துக்கிட்டே இருந்தான், திடீர்னு காணோம்" என்றனர். முழங்கால் நீரில் நடப்பவன் திடீரென்று மறைவானேன்? எங்கள் ஏரியில் சில கோடைகளாக வண்டல் என்ற பெயரால் மண் அள்ளினார்கள். இயந்திரக் கை தோண்டிய இடம் கிணறுபோல் செங்குத்தாக நிற்கும். மழை பெய்து நீர் பரவியதும் மேடும் பள்ளமும் ஒரே நிறம், ஒரே அமைதி. பள்ளம் எங்கே என்று தோண்டியவர்களுக்கே நினைவில்லை. அப்படியானால் அளந்துதான் ஆகவேண்டும்.

"படகு செய்வோம்" என்றான் அண்ணன். சிப்காட்டில் பொருத்துநராக இருக்கிறான், கைவேலையில் பித்து. ஏரியில் மீன் குத்தகைக்காரரின் பரிசல் ஒன்று உண்டு. ஆனால் பரிசல் வட்டமானது, காற்றடித்தால் சுழலும். நேர்கோட்டில் சென்று வரிசையாக ஆழம் பார்க்க அது ஒத்துவராது. துடுப்புப் போட்டுக்கொண்டே கயிறு விடவும், ஏட்டில் குறிக்கவும் இரண்டு பேருக்கு எட்டுக் கைகள் வேண்டும். பாய் கட்டினால் காற்று தள்ளும், கைகள் ஓயும். மறைக்காமல் சொல்கிறேன், பாய்மரப் படகில் போகவேண்டும் என்ற ஆசையும் இருவருக்கும் இருந்தது.

எங்கே மிதப்பது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. "கெலவரப்பள்ளி அணைக்குப் போனால் பெரிய நீர்ப்பரப்பு கிடைக்குமே" என்றார் நண்பர் ஒருவர். கிடைக்கும், நுரையும் கிடைக்கும்! நந்திமலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரு மாநகரின் கழிவை வாங்கிக்கொண்டுதான் எல்லை கடந்து ஓசூருக்குள் நுழைகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழிநீரும் அதில்தான் சேர்கிறது. பெல்லந்தூர் ஏரியில் 2015ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் நீர்ப்பரப்பின்மேல் தீயே எரிந்ததை நாடறியும். மதகு திறக்கும்போது கெலவரப்பள்ளியில் வெள்ளை மலைபோல் நுரை எழுவது சலவைத்தூளாலும் சாக்கடையாலும். எந்தத் தெய்வத்தின் சீற்றத்தாலும் அன்று. அந்தக் கதை தனியே எழுதவேண்டியது. எங்களுக்கு வேண்டியது எங்கள் ஏரி.

ஓசூரில், எந்திரங்களை அடைத்துவரும் மரப்பெட்டிகளைப் பிரித்து விற்கும் பழைய மரக்கடைகள் உண்டு. அங்கே சட்டங்கள் வாங்கினோம். பக்கங்களுக்கு ஒட்டுப்பலகை. இணைப்புகளில் துணி வைத்துத் தார் பூசினோம். எட்டடி நீளம், மூன்றரை அடி அகலம். அழகுக்குப் பரிசு கிடைக்காத பெட்டிப் படகு. மூங்கில் பாய்மரம். இருபுறமும் பேருந்துச் சக்கரத்தின் காற்றடைத்த உட்குழாய்கள். பாய்க்குத் துணி வாங்கப் பணம் போதவில்லை. சாலையோரம் கிழிந்து தொங்கிய பிளெக்ஸ் பதாகை ஒன்றைக் கேட்டு வாங்கினோம். ஊரறிந்த சோதிடர் ஒருவரின் விளம்பரம் அது. வெட்டித் தைத்தபோது அவர் முகத்தில் பாதியும், "கவலை வேண்டாம்" என்ற சொற்களும் பாயின் நடுவில் நின்றுவிட்டன. இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். மொத்தச் செலவு 4,700 ரூபாய்.

செய்யும் முறையைக் காட்டியவர் ஒகேனக்கலில் இளமையில் பரிசல் ஓட்டிய முதியவர் ஒருவர். இப்போது எங்கள் ஏரிக் குத்தகைக்காரரிடம் வேலை பார்க்கிறார். மூங்கில் பின்னிப் பிளாஸ்டிக் தாளும் தாரும் போர்த்துவது இன்றைய பரிசல். முன்பு மாட்டுத்தோல் போர்த்துவார்களாம். அதைக் கேட்டதும் என் வரலாற்றுப் பாடம் நினைவுக்கு வந்தது. 1520ஆம் ஆண்டையொட்டி விசயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்ற போர்த்துகீசியர், ஆற்றைக் கடக்க மக்கள் கூடைபோன்ற வட்டப் படகுகளில் ஏறுவதையும், அவற்றின் வெளிப்புறம் தோலால் மூடப்பட்டிருப்பதையும் எழுதிவைத்திருக்கிறார். எண்ணிப் பாருங்கள்! தோலைத் தொட்டால் தீட்டு. தோல் பதனிடுபவனைத் தொட்டாலும் தீட்டு. ஆனால் அக்கரைக்குப் போகவேண்டுமென்றால் அதே தோலின்மேல் உட்கார்ந்துகொள்ளத் தடையில்லை! ஆற்றின் நடுவே தீட்டு எங்கே போயிற்று? மூழ்கிவிடுவோம் என்ற அச்சத்தில் அது முதலில் மூழ்கிவிட்டது போலும்!

படகு மிதக்குமா என்ற கேள்வியைத் தேங்காய் உடைத்துத் தீர்க்கவில்லை. வகுப்பறைக் கரும்பலகையில் தீர்த்தோம். மிதக்கும் பொருள், தன் எடைக்குச் சமமான நீரை விலக்கும். ஆர்க்கிமிடீசு கண்டு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட உண்மை. எங்கள் படகின் அடித்தளம் 240 சென்டிமீட்டர் நீளம், 105 சென்டிமீட்டர் அகலம். ஒரு சென்டிமீட்டர் அமிழ்ந்தால் ஏறத்தாழ 25 லிட்டர் நீர் விலகும். அதாவது 25 கிலோ எடையைத் தாங்கும். படகு 45 கிலோ, அண்ணன் 65, நான் 50. ஆக 160 கிலோ. "ஆறரை சென்டிமீட்டர் அமிழும் டீச்சர்!" என்று கத்தினாள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. பக்கப்பலகையின் உயரமோ 35 சென்டிமீட்டர். தேங்காய் வீட்டிலிருந்தது, சட்னிக்குப் பயன்பட்டது.

ஊராட்சியிலும் குத்தகைக்காரரிடமும் இசைவு பெற்றோம். அதற்கிடையே இரண்டு மாதம் விடியற்காலையில் அண்ணியின் துணையோடு கிணற்றிலிறங்கி, மல்லாந்து மிதக்கவும் பத்தடி தூரம் கைவீசவும் கற்றுக்கொண்டேன். இருபத்தாறு வயதில்! நாணம் இருந்தது. மாணவனின் முகம் அதனினும் பெரிதாக இருந்தது.

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றைக் குறித்தோம். "ஆடியில் எவரேனும் புதுக்காரியம் தொடங்குவார்களா கண்ணு?" என்று ஆயா பதறினார். ஆடியைத் தேர்ந்தது அறைகூவலுக்காக அன்று. மேற்கிலிருந்து சீராகக் காற்று வரும் காலம் அது. ஏரியும் பாதிதான் நிறைந்திருந்தது. வெயிலேற ஏற ஆடிக் காற்று வலுக்கும் என்பதால் காலை எட்டு மணிக்கே இறங்கினோம். இருவரும் மிதவைச் சட்டை அணிந்திருந்தோம். கரையில் முதியவர் பரிசலோடு காத்திருந்தார்.

எட்டேகால் மணிக்குப் படகு கவிழ்ந்தது!

கரையில் சிரிப்பு, "நான் அப்போதே சொன்னேனே!" என்ற குரல்கள். மார்பளவு நீர்தான், எழுந்து நின்றோம். பிழை என்னுடையது. பாய்க்கயிற்றைக் கையில் பிடிப்பதற்கு மாறாகக் கொம்பில் முடிச்சிட்டுவிட்டேன். காற்று திடுமென மோதியபோது கயிற்றைத் தளர்த்த முடியவில்லை. பாய் சாய்ந்தது, படகும் சாய்ந்தது. காற்று வரும் பக்கம் உட்காரவேண்டியவள் மறுபக்கம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு காரணங்கள். இரண்டையும் திருத்தினோம், அதன்பின் கவிழவில்லை.

ஈரச் சேலையோடு கரையேறியபோது ஆயா கண்ணீரோடு திட்டினார். வீட்டு நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வந்த என் மாணவி ஒருத்தி காதோடு சொன்னாள்: "ஏழே முக்காலிலிருந்து எட்டே முக்கால் வரை நல்ல நேரம் டீச்சர்!" எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தோழர்களே, அதைப் பிடித்துக்கொண்டு நான் கூத்தாடப்போவதில்லை. நல்ல நேரத்தில் கவிழ்ந்தது எதையும் மெய்ப்பிக்கவில்லை. எமகண்டத்தில் கவிழ்ந்திருந்தாலும் அது எதையும் மெய்ப்பித்திராது. கவிழ்த்தது முடிச்சு. ஒரே ஒரு வேறுபாடு. எமகண்டத்தில் கவிழ்ந்திருந்தால் ஊர் பத்தாண்டு பேசியிருக்கும். நல்ல நேரத்தில் கவிழ்ந்ததை மறுநாளே மறந்துவிட்டது. மூடநம்பிக்கை இப்படித்தான் உயிர்வாழ்கிறது: பலித்ததை எண்ணும், பலிக்காததை எண்ணாது.

மீண்டும் ஏறினோம். காற்று முதுகில் தள்ள, கிழக்கு நோக்கிப் படகு வழுக்கிச் சென்றது. எந்திர ஓசை இல்லை. பலகையின் அடியில் நீர் முணுமுணுக்கும் ஒலி மட்டும். நாமக்கோழிகள் கோரையினின்று எட்டிப் பார்த்தன. இருபத்தாறு ஆண்டுகள் கரையிலிருந்தே பார்த்த என் ஊரை அன்று முதன்முறை நீரிலிருந்து பார்த்தேன். கோபுரமும் காலனியும் தொழிற்சாலைத் தொட்டியும் ஒரே அளவில், சிறிதாகத் தெரிந்தன. மகிழ்ந்தேன். மாணவன் மாண்ட ஏரியில் மகிழலாமா என்று நெஞ்சு குத்தியது. ஏரி ஒரு கொலைகாரி என்றுதானே ஏழு மாதம் என்னையறியாமல் நானும் நம்பியிருந்தேன்! அன்று புரிந்தது, அது நீர். விலக்கிய அளவுக்குத் தாங்கும், தாங்கமுடியாததை விட்டுவிடும். அதற்குப் பசியும் இல்லை, பகையும் இல்லை.

வேலை தொடங்கியது. மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிறு. அதன் நுனியில் பழைய பற்சக்கரம் ஒன்று. பாயைத் தளர்த்தி நிறுத்துவோம், கயிறு விடுவோம், முடிச்செண்ணி ஏட்டில் குறிப்போம். ஒரு மீட்டர், ஒன்றேகால், ஒன்று, ஒன்று... பிறகு திடீரென்று கயிறு என் விரல்களை உரசிக்கொண்டு ஓடியது. நாலரை மீட்டர்! இரண்டெட்டு இடைவெளியில் ஒரு மீட்டரிலிருந்து நாலரை மீட்டர். கரையிலிருந்த சிறுவர்கள் கைகாட்டிய அதே இடம். அண்ணனும் நானும் ஒன்றும் பேசவில்லை. பள்ளத்தின் விளிம்பில் மூங்கிலை ஊன்றிச் சிவப்புத் துணி கட்டினோம். நண்பகலுக்குள் அத்தகைய மூன்று பள்ளங்கள் அகப்பட்டன. மூன்றும் வண்டித் தடத்தையொட்டி, மனிதர் வெட்டியவை.

திரும்புகையில் மணி பன்னிரண்டரை, ஞாயிற்றுக்கிழமை எமகண்டம். காற்று வலுத்துவிட்டது, பாயைப் பாதியாகச் சுருட்டினோம். "காற்றுக்கு எதிரே பாய் எப்படி டீச்சரம்மா போகும்?" என்று காலையில் முதியவர் கேட்டிருந்தார். நேராகப் போகாது, குறுக்கே கோணலாகப் போகும். படகின் பக்கத்தில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கினால் அது பக்கவாட்டில் நழுவுவதை மட்டுப்படுத்தும். பாயைச் சாய்த்துப் பிடித்தால் காற்று முன்னே செலுத்தும். வலப்புறம் ஒரு கோடு, இடப்புறம் ஒரு கோடு என்று மாறி மாறி, நாற்பத்தைந்து நிமிடத்தில் மேற்குக்கரை சேர்ந்தோம். பாயிலிருந்த சோதிடர் அன்றாவது ஒரு குடும்பத்தைக் கரைசேர்த்தார்!

ஏட்டிலிருந்த எண்களைக் கொண்டு மாணவர்கள் ஏரியின் படம் வரைந்தனர். ஆகஸ்டு 15 கிராம சபையில் அதை வைத்தோம். எச்சரிக்கைப் பலகை வைக்கவும், பள்ளங்களை நிரவக் கோரவும் தீர்மானம் நிறைவேறியது. பலகைகள் வந்தன, நிரவல் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறோம். கரையிலுள்ள புளியமரத்தில் கயிறு கட்டிய ஐந்து லிட்டர்க் காலிக் கேன்கள் இரண்டு தொங்குகின்றன. மூழ்குபவரை நோக்கி நீந்தத் தெரியாதவர் குதிக்கவேண்டா. அதை வீசுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். மூடி இறுகிய வெறுங்கேன், பற்றிக்கொண்டவரின் தலையை நீருக்குமேல் நிறுத்தப் போதும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். அதே 2021இல்தான் ஐக்கிய நாடுகள் அவை, சூலை 25ஆம் நாளை மூழ்கிச் சாவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது. சூலை 25 நம் ஆடியில் வருகிறது! ஆடிப்பெருக்கன்று ஆற்றுக்குச் சோறு படைக்கும் நாம், அதே ஆடியில் ஒரு பெண்பிள்ளைக்கு மிதக்கக் கற்றுக்கொடுத்தால் ஆறு வேண்டாமென்றா சொல்லும்?

கிராம சபை முடிந்த மாலை, அந்தச் சிறுவனின் தாய் என் வீட்டுக்கு வந்தார். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காரத் தயங்கினார், கையைப் பிடித்து உட்காரவைத்தேன். "அந்தப் படத்தைக் காட்டுங்க டீச்சர்" என்றார். விரித்தேன். "என் பிள்ளை எங்கே?" என்றார். விரலால் தொட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"போன வருசம் அம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டு வைக்காம விட்டேன் டீச்சர். அதனாலதான் எடுத்துக்கிச்சுன்னு ஊரே சொன்னது. நான்தான் கொன்னுட்டேன்னு இருந்தேன். இது குழிதானா? வெறும் குழிதானா?"

வெறும் குழிதான் அம்மா என்றேன். அவர் அழுதார். ஏழு மாதங்களாக அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அன்றைய அழுகை வேறு.

பலி என்ற சொல் எத்தனை கொடியது என்று அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். அது பள்ளத்தை மறைத்தது. பள்ளம் வெட்டியவரை மறைத்தது. கிணற்றை மூடிய சாதியை மறைத்தது. அத்தனையையும் மறைத்துவிட்டு, பழியை மட்டும் கொண்டுபோய், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் மடியில் போட்டது! நீ ஏன் நம்புகிறாய் என்று அந்தத் தாயிடம் வாதாடியிருந்தால் ஒரு பயனும் விளைந்திராது. அளந்து காட்டியதும் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

தோழர்களே! மேடையில் மூடநம்பிக்கையைச் சாடுகிறோம், சாடவேண்டும். மறுநாள் காலை ஒரு கயிற்றையும் ஒரு கல்லையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கும் செல்லுங்கள். படகில்லையென்றால் பரிசல் கேளுங்கள். நீந்தத் தெரிந்தவர் இருவரை உடன் கொள்ளுங்கள். எந்த இடத்தில் எத்தனை ஆழம் என்று எழுதி, ஊர் நடுவே ஒட்டுங்கள். எங்கள் படகு இப்போது பள்ளிக்கூடத் திண்ணையோரம் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த ஞாயிறு ஏழாம் வகுப்புச் சிறுமிகள் ஆறு பேர், மிதவைச் சட்டையுடன், அதில் முதன்முறை ஏறப்போகிறார்கள். நால்வர் காலனிப் பிள்ளைகள். ஆயாவும் வருகிறாராம், கரையில் நிற்பதற்குத்தான் என்கிறார்.